சோழமண்டலம்: கலைஞர்கள் கூடிக் கட்டிய ஊர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்பது நம் முன்னோர் மொழி. பள்ளியில் படிக்கும்போது இத்தலைப்பில் மூன்று முறை கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒருமுறை பரிசும் பெற்றேன். ஆனால் கூடி வாழ்வதற்கு ஒரு பொதுக் கூடம் வேண்டும், ஒரு பொதுப் பெட்டி வேண்டும், அதைவிட முக்கியமாக எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு நோட்டு வேண்டும் என்று அக்கட்டுரைகள் எதிலும் நான் எழுதியதில்லை. அதை எனக்குக் கற்பித்தது சென்னைக்கு அருகே கடலோரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். அவ்வூரைப் பற்றி நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் எங்கள் துறை மாணவர்கள் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். காலையில் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் பார்த்தோம். நண்பகலில் மயிலாப்பூர். நவராத்திரிக்கு இன்னும் சில நாட்களே இருந்தமையால் தெருவெங்கும் கொலுப் பொம்மைகள். என் தந்தையார் கொலுப் பொம்மை செய்பவர். ஆகவே நண்பர்கள் தேநீர் அருந்தப் போனபோது நான் மட்டும் ஒரு கடை முன்னால் நின்றேன். அங்கே ஒரு தசாவதார செட் இருந்தது. கூர்மாவதாரத்தின் பீடத்தில், இடப்பக்க ஓரத்தில், ஒரு சிறு புடைப்பு. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கை தவறி அச்சைக் கீழே போட்டு, அதன் விளிம்பு பெயர்ந்துவிட்டது. அன்று முதல் அந்த அச்சில் வார்க்கும் ஆமைக்கெல்லாம் அந்தப் புடைப்பு உண்டு. எனவே அது எங்கள் வீட்டுப் பொம்மைதான். விலை என்ன என்று கேட்டேன். 1,800 ரூபாய் என்றார் கடைக்காரர். அப்பாவுக்கு ஒரு செட்டுக்கு வியாபாரி தந்தது 450 ரூபாய். யார் செய்தது என்று கேட்டேன். "ஊர்ல இருந்து வருதுப்பா" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி நோக்கித் திரும்பினோம். திருவான்மியூரைக் கடந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஈஞ்சம்பாக்கம். உடன் வந்த தமிழ்ப் பேராசிரியர் பேருந்தை நிறுத்தச் சொன்னார். "ஒரு மணி நேரம் இருக்கிறது. வேதியியல் படிப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம்" என்றார். எங்களுள் பலருக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. உள்ளே மரங்களின் நடுவே கற்சிற்பங்கள் நின்றன. சிறிய வீடுகள், ஒரு காட்சிக்கூடம், கைவினைப் பொருள் விற்கும் ஒரு கடை. அதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம்.

காட்சிக்கூடத்தில் நான் முதலில் கவனித்தது ஓவியங்களை அல்ல. அவற்றின் அருகே ஒட்டப்பட்டிருந்த சிறு அட்டைகளைத்தான். ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் செய்தவர் பெயர் இருந்தது.

ஊர் பிறந்த கதை

சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என வழங்கும் நிறுவனம் 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது கைத்தொழில் கற்பிக்கும் பள்ளியாகவே புகழ் பெற்றது. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. பின்னர் தேவி பிரசாத் ராய் சௌதுரி முதல்வராக இருந்த காலத்தில் ஓவியமும் சிற்பமும் முதன்மை பெற்றன. மெரினா கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பே.

1957இல் அவருக்குப் பின் முதல்வராக வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். இவர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இதே பள்ளியில் பயின்ற ஓவியர். 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் அவருடைய ஓவிய வரிசையில் எழுத்துகளும் சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் போன்ற வடிவங்கள் நிறைந்திருக்கும். படித்துப் பார்த்தால் பொருள் வராது. பார்த்துக்கொண்டே இருந்தால் பழைய ஏட்டுச்சுவடி ஒன்றைத் திறந்தது போலத் தோன்றும்.

முதல்வர் பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது. அவருடைய மாணவர்கள் திறமைசாலிகள். ஆனால் படிப்பை முடித்து வெளியே சென்றதும் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட நேர்ந்தது. அக்காலச் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. விளம்பர நிறுவனங்களிலும் துணி வடிவமைப்பிலும் கிடைத்த வேலை வயிற்றை நிரப்பியது. ஆனால் நாளின் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டது. வேலை இருந்தால் கலை இல்லை, கலை இருந்தால் சோறு இல்லை என்ற நிலை. நம்மில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருப்போர்க்கு இந்த நெருக்கடியை விளக்க வேண்டியதில்லை.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி எளிமையானது. நாளில் ஒரு பகுதி நேரம் எல்லாரும் கைவினைப் பொருள்கள் செய்வது. அவற்றை ஒன்றாக விற்பது. மீதி நேரத்தில் அவரவர் விரும்பிய ஓவியத்தையும் சிற்பத்தையும் யாருக்கும் அஞ்சாமல் படைப்பது. இதற்காகக் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பாத்திக் துணிகள், தோல் வேலைப்பாடுகள், சுடுமண் பொருள்கள், உலோக அணிகள் ஆகியவற்றைச் செய்து கண்காட்சி வைத்தனர். பாத்திக் துணிகள் நன்றாக விற்றன. அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் மணல் நிலம் வாங்கினர். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்கு கொண்டனர். பழைய சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே ஊருக்கும் சூட்டினர். அடுத்த ஆண்டில் பணிக்கரும் முதல்வர் பதவியை விட்டு நீங்கினார்.

அன்று அங்கே இன்றுள்ள அகன்ற சாலை இல்லை; தொடக்க காலத்தில் மின்சாரமும் இல்லை. சவுக்கும் மணலும் மீனவர் குப்பங்களும்தான். கூரை வீடுகளில் தொடங்கிய வாழ்க்கை அது. கொடையாளி ஒருவர் தந்த நிலமாகவோ அரசு ஒதுக்கிய நிலமாகவோ இருந்திருந்தால் இந்த ஊரின் கதை வேறாக இருந்திருக்கும். அது துணியும் தோலும் விற்று வாங்கிய நிலம். ஆகவே அங்கே நின்று எவரும் எதையும் வரையலாம். இப்படி வரை என்று சொல்ல ஒரு முதலாளி இல்லை.

மெழுகும் சாயமும்

பேராசிரியர் 'வேதியியல் படிப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம்' என்று சொன்னது பாத்திக்கை மனத்தில் வைத்துத்தான். நிலம் வாங்கித் தந்த கலையாதலால் அதைச் சற்று விரிவாகக் கூறுவது தகும்.

பாத்திக் என்பது இந்தோனேசியாவின் சாவகத் தீவில் சிறந்து விளங்கும் முறை. துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களை உருக்கிய மெழுகால் மூடிவிட்டுப் பின் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு நீரோடு ஒட்டாத பொருள். ஆகவே நீரில் கரைந்த சாயம் அதைக் கடந்து இழையைத் தொட முடியாது. வெண்மையாக இருக்க வேண்டிய பகுதிக்கு முதலில் மெழுகு இட்டு, மஞ்சளில் தோய்க்கலாம். மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்தை அடுத்து மூடி, சிவப்பில் தோய்க்கலாம். கடைசியில் கறுப்பு. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிவதே முறை. இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவார்கள்.

மெழுகிலும் ஒரு நுட்பம் உண்டு. தேன்மெழுகு இளகும் தன்மையுடையது. துணியோடு நன்றாகப் பற்றும். பாரபின் மெழுகு நொறுங்கும் தன்மையுடையது. இரண்டையும் கலந்து, துணியைக் கையால் கசக்கினால் மெழுகில் மெல்லிய விரிசல்கள் ஓடும். அவற்றினுள் சாயம் புகுந்து நரம்பு போன்ற கோடுகளைத் தரும். கலவையில் பாரபின் கூடினால் விரிசல் கூடும்.

சாயத்தைச் சூடாக்கினால் மெழுகு உருகிவிடும். ஆகவே குளிர்ந்த நீரிலேயே பற்றும் சாயம் வேண்டும். பாத்திக்கில் பெரிதும் பயன்படுபவற்றுள் நாப்தால் சாயம் ஒன்று. துணியை முதலில் காரம் கலந்த நாப்தால் கரைசலில் நனைத்து, அடுத்து டையசோனியம் உப்புக் கரைசலில் இடுவார்கள். இரண்டும் இழைக்குள்ளேயே இணைந்து, நீரில் கரையாத அசோ சாயமாக மாறிவிடும். நம் ஆய்வகத்தில் அனிலினைப் பனிக்கட்டியில் குளிர்வித்து, சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் சேர்த்து, பீட்டா நாப்தாலில் ஊற்றியதும் 'பளிச்'சென்று தோன்றும் செந்நிற வீழ்படிவை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். பதிவேட்டில் 'முதல்நிலை அரோமேட்டிக் அமீன் உள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அதைத் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். அதே வகை வினையைத் துணியின் மேல் நடத்தித்தான் உலகெங்கும் பாத்திக் கலைஞர்கள் வாழ்கிறார்கள் என்பதை எண்ணும்போது பாடத்தின் மேல் எனக்கு ஒரு புதிய மதிப்பு உண்டாயிற்று.

பொதுக் கூடம் நடக்கும் விதம்

கலைஞர்கள் ஒன்று சேர்ந்து நடத்தும் காட்சிக்கூடத்துக்கும் ஒரு தனி முதலாளியின் கடைக்கும் வேறுபாடு என்ன? முதலாளி பொருளை வாங்கிவிடுகிறார்; அதன்பின் விலையும் இலாபமும் அவருடையவை. கூட்டுக் கூடத்திலோ பொருள் விற்கும் வரை செய்தவருக்கே சொந்தம். விற்ற விலையில் ஒரு பகுதி பொதுவுக்குப் போகும், மீதி செய்தவருக்கு. பொதுப் பங்கிலிருந்து வாடகை, விளக்கு, காவல், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் நடக்கும். நூறு ரூபாய்க்கு விற்ற பொருளில் இருபது ரூபாய் பொதுவுக்கு என்று வைத்துக்கொண்டால், எண்பது ரூபாய் உழைத்தவர் கைக்கு வந்துவிடும். இருபது எங்கே போயிற்று என்பதையும் அவர் நோட்டைப் பிரித்துப் பார்க்கலாம்.

இக்கருத்து புதியதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரின் தொழிலாளர்கள் 1844இல் தொடங்கிய கடையிலிருந்து இன்றைய கூட்டுறவு இயக்கம் வளர்ந்தது. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இலேயே தோன்றிவிட்டது. நெசவாளர்க்கென 1935இல் பிறந்த கோ-ஆப்டெக்ஸை அறியாதார் இல்லை. ஆனால் அரிசியையும் துணியையும் அளந்து விற்பது ஒன்று. ஓவியத்தை விற்பது வேறொன்று. ஒருவர் கிலோ அரிசிக்கும் மற்றவர் கிலோ அரிசிக்கும் வேறுபாடு இல்லை. ஓவியர்களோ ஒருவரைப் போல் மற்றவர் இல்லை. எவருடைய படம் வாசலுக்கு நேரே தொங்குவது, எவருடையது மூலையில் தொங்குவது? ஒருவருடையது மட்டும் விற்றுக்கொண்டே இருந்தால் மற்றவர் மனம் என்ன பாடுபடும்? எதைக் கூடத்தில் ஏற்பது, எதை மறுப்பது, மறுப்பதை யார் சொல்வது? கூட்டுக் கூடங்கள் பல உடைந்து போவது பணத்தால் அல்ல, இந்தச் சுவரால்தான் என்பது என் எண்ணம்.

சோழமண்டலம் நிலைத்து நின்றதற்குக் காரணம், அங்கே எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடவில்லை என்பதே. நிலமும் கூடமும் கைவினை விற்பனையும் பொது. வீடும் படைப்பும் தனி. ஒருவர் இப்படித்தான் வரைய வேண்டும் என்று சங்கம் விதி செய்யவில்லை. ஜே. சுல்தான் அலி பழங்குடி மக்களின் தொன்மங்களை நினைவூட்டும் உருவங்களை வரைந்தார். கே. இராமானுசம் கனவு நகரங்களை மைக்கோடுகளால் நெய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் உலோகக் கவசங்களைப் பார்த்தவர்க்கு அந்தச் சிற்பங்களின் உறவு உடனே புலப்படும். வயிற்றுக்காகச் செய்த கைவினை, கலையைக் கெடுக்கவில்லை. தகடும் சுத்தியலும் பழகிய கை புதிய சிற்பத்துக்கு வழி திறந்தது. கலை வேறு, கைவினை வேறு என்று உயர்வு தாழ்வு கற்பிப்போர்க்கு இது நல்ல விடை.

குறையும் நிறையும்

அங்கே எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் அது பள்ளிக் கட்டுரையாகிவிடும். இராமானுசம் 1973இல் இளம் வயதிலேயே மறைந்தார். ஒரு மனிதனின் தனிமையைச் சங்கத்தால் முழுவதும் போக்கிவிட முடியாது. சிலர் வேறிடம் சென்றனர்; வி. விசுவநாதன் பாரிசில் குடியேறினார். பணிக்கர் 1977இல் காலமானார். நந்தகோபால் 2017இல் மறைந்தார். தொடங்கியவர்களுள் பலர் இன்று இல்லை. மணலாகக் கிடந்த இடம் இன்று விலையுயர்ந்த நிலம். தொடங்கிய தலைமுறையின் பற்று அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்துவிடாது என்பது எல்லாச் சங்கங்களுக்கும் பொருந்தும் உண்மை.

ஆயினும் ஊர் இருக்கிறது. 2009இல் அங்கே தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னைக் கலை இயக்கம் எனப்படும் அந்தத் தலைமுறையின் படைப்புகளை அங்கே ஒருங்கே காணலாம். வெளியிலிருந்து வரும் கலைஞர்களும் கண்காட்சி வைப்பதற்குக் கூடங்கள் உள்ளன. 1966இல் தொடங்கிய ஒரு முயற்சி அரை நூற்றாண்டைக் கடந்து நிற்பது சிறிய செய்தியன்று.

எங்கள் ஊரில்

அன்றிரவு வீடு திரும்பியதும் கடையில் கண்ட ஆமையைப் பற்றியும் சோழமண்டலத்தைப் பற்றியும் அப்பாவிடம் சொன்னேன். அவர் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். கண் எழுதும்போது பேசமாட்டார். முடித்துவிட்டுக் கேட்டார்: "அவங்க படிச்சவங்கடா. நாங்க நாலு பேரு சேந்தா அஞ்சாவது நாள் சண்டை வரும். வியாபாரி சித்திரையிலயே முன்பணம் குடுக்கறாரு. உன் சங்கம் குடுக்குமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தை முடிந்து அச்சு எடுத்தால் புரட்டாசியில்தான் பணம் வரும். இடையிலுள்ள மாதங்களில் அடுப்பு எரிவது அந்த முன்பணத்தால்தான். குறைந்த விலைக்கு அவர்கள் இசைவது அறியாமையால் அன்று. காத்திருக்க வசதி இல்லாமையால். கூட்டுறவு பற்றிப் பேசுவோர் முதலில் கணக்கிட வேண்டியது இந்தக் காத்திருப்பின் விலையைத்தான்.

ஆகவே முழுவதையும் மாற்ற நாங்கள் முயலவில்லை. இவ்வாண்டு நான்கு குடும்பங்கள் வழக்கம்போல் வியாபாரிக்குச் செய்துகொண்டே, குடும்பத்துக்குப் பத்து தசாவதார செட்டுகளை மட்டும் நிறுத்தி வைத்தன. பக்கத்து நகரத்தில் ஒரு சத்திரத்தின் முன்கூடத்தைப் பத்து நாளைக்கு 3,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். வேன் செலவு 1,200 ரூபாய். ஒரு செட் விலை 900 ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு என்பது ஒப்பந்தம். நாற்பதில் 26 விற்றன. பொதுப் பங்கு 4,680 ரூபாய். செலவு போக உண்டியலில் மிஞ்சியது 480. செய்தவர்களுக்குச் சேர்ந்தது 18,720 ரூபாய். நாற்பதையும் வியாபாரிக்கே கொடுத்திருந்தால் 18,000 கிடைத்திருக்கும். ஆக, பத்து நாள் பாடுபட்டதன் இலாபம் 720 ரூபாயும், வைக்கோல் சுற்றி எங்கள் பரணில் இருக்கும் 14 செட்டுகளும்தான்.

சுவர்ச் சண்டையும் வந்தது. ஒரு குடும்பத்தின் பத்தும் விற்றுவிட, எங்களுடையவை ஏழும், இன்னொருவருடையவை ஆறும், பெரியப்பா முறை வேண்டிய ஒருவருடையவை மூன்றும்தான் விற்றன. "என்னோடத உள்பக்கம் இருட்டுல வெச்சீங்க" என்று அவர் கோபித்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மையே. அடுத்த முறை இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி வைப்பது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். வியாபாரி வரும் ஆண்டுக்கு முன்பணத்தைக் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதை எப்படிச் சமாளிப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் நான் வற்புறுத்திச் செய்தேன். ஒவ்வொரு செட்டின் முன்பும் செய்தவர் பெயரும் ஊரும் எழுதிய அட்டை வைக்க வேண்டும் என்றேன். நானே அழகாக எழுதித் தருவதாகச் சொன்னேன். அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அட்டையை என்னிடமிருந்து வாங்கி, கண் எழுதும் தூரிகையாலேயே தம் பெயரை எழுதினார். எழுத்துகள் சற்றுச் சாய்ந்திருந்தன. ஆனால் கோடு எங்கும் நடுங்கவில்லை. வாங்கிச் சென்றவர்களுள் இருவர் அந்த அட்டையையும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

வாய்ப்புக் கிடைக்கும் நண்பர்கள் ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒருமுறை சென்று பாருங்கள். ஓவியங்களைப் பார்த்து முடித்தபின், அந்தச் சுவர்கள் யாருடைய பணத்தில் எழுந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். நம்மில் பலருடைய வீட்டிலும் ஏதோ ஒரு கைத்தொழில் இருக்கிறது. பாய், கூடை, சட்டி, பொம்மை என எதுவாயினும் அதைச் செய்பவர் பெயரோடு விற்க வழி உண்டா என்று சிந்திப்பது, பட்டம் பெறப்போகும் நமது கடமை அன்றோ?

இறுதியாக ஒரு வேண்டுகோள். எங்கள் நோட்டில் வரவும் செலவும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. வேதியியல் மாணவனுக்கு அவ்வளவுதான் தெரியும். பேரேடு எழுதும் முறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்து சொல்லித்தர வணிகவியல் துறை நண்பர் எவரேனும் முன்வந்தால் நான்கு குடும்பங்களும் நன்றி பாராட்டும். அம்மா சாப்பாடு போடுவார்கள்.